தமிழ் வலைப்பூக்களும் சிறு கருவிகளும்

மும்பை மாதுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் அருகே நடைபாதையில் பழைய புத்தகங்கள் விற்கப்படுவதை அவ்வழியே சென்றவர் பலரும் கண்டிருப்பர். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அச்சான நூல் ஒன்றை அத்தகைய கடையில் நாம் கையில் எடுக்கலாம். அட்டை கிழிந்திருக்கும், தாள் பழுத்திருக்கும், அதை அச்சிட்ட அச்சகம் என்றோ மூடப்பட்டிருக்கும். ஆயினும் எழுத்து அப்படியே இருக்கிறது. அதைப் படிக்க நமக்குக் கண்ணும் சிறிது வெளிச்சமும் போதும்.

கணினியின் வழியே எழுதப்படும் எழுத்துக்கு இந்தப் பேறு இல்லை. எழுதுவதற்கு ஒரு கருவி வேண்டும். அதைத் திரையில் காட்டுவதற்கு ஒரு கருவி வேண்டும். எங்கே இருக்கிறது என்று பிறர்க்கு அறிவிக்கவும் ஒரு கருவி வேண்டும். இவற்றுள் ஒன்று பழுதானாலும் எழுத்து இருந்தும் இல்லாததாகிவிடும். தமிழர்கள் இணையத்தில் தமக்கென்று பக்கங்களை அமைத்து எழுதத் தொடங்கிய நாளில் இக்கருவிகளைச் செய்து கொடுத்தவர் யாவர்? அவர்கள் செய்தவற்றுள் எவை நிலைத்தன? எவை மறைந்தன? மறைந்தமைக்குக் காரணம் யாது? இவற்றையே இப்பேச்சில் காண்போம்.

முதலில் பெயரை அறிந்துகொள்வோம். 1997 டிசம்பரில் ஜோர்ன் பார்கர் என்ற அமெரிக்கர் தம் இணையக் குறிப்பேட்டிற்கு 'வெப்லாக்' என்று பெயரிட்டார். 1999-இல் பீட்டர் மெர்ஹோல்ஸ் என்பவர் அச்சொல்லை விளையாட்டாகப் பிரித்து 'பிளாக்' என்று சுருக்கினார். அதே ஆண்டு ஆகஸ்டில் பைரா லேப்ஸ் என்னும் சிறிய நிறுவனம் 'பிளாகர்' என்ற சேவையைத் தொடங்கியது. கணினி நிரல் அறியாதவரும் தம் கருத்தை எழுதி ஒரு பொத்தானை அழுத்தினால் அது உலகத்தார் காணும் பக்கமாகிவிடும். 2003 பிப்ரவரியில் அந்நிறுவனத்தைக் கூகுள் வாங்கியது. தமிழில் இதற்கு 'வலைப்பூ' என்றும் 'வலைப்பதிவு' என்றும் இரு பெயர்கள் வழங்கலாயின. எழுதுவோரும், ஆசிரியரும், அச்சுக் கோப்பவரும், விற்பனையாளரும் ஒருவரே என்பது இதன் தனித்தன்மை. கையெழுத்துப் பத்திரிகை நடத்தியவர்களுக்கு இந்நிலை புதிதன்று. ஆனால் கையெழுத்துப் பத்திரிகை ஒரு தெருவைத் தாண்டுவது அரிது.

இவ்வரலாற்றில் மும்பைக்கு ஓர் இடம் உண்டு. இந்தியாவில் கல்வி நிலையங்களை இணைக்கும் கணினி வலை 1986-87 காலத்தில் உருப்பெற்றபோது, ஜூஹூவிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமும் பவாயிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் தொலைபேசிக் கம்பி வழியே மின்னஞ்சல் பரிமாறிக்கொண்டன. அம்மையத்தின் தலைவராக இருந்து இதற்கு வழிகாட்டியவர் சீனிவாசன் ரமணி. பொதுமக்களுக்கு இணையம் திறக்கப்பட்டது 1995 ஆகஸ்டு 15 அன்று. அதை வழங்கிய விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனத்தின் தலைமையகமும் மும்பையே.

இந்நகரில் வாழும் தமிழரோ எழுத்தின் அருமையை நன்கறிந்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்து தாராவியின் தோல் பதனிடும் தொழிலில் அமர்ந்தோர் உண்டு. மாதுங்காவில் குடியேறியோர் கோயிலும் சபாவும் பள்ளியும் கண்டனர்; தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-இல் தோன்றியது. பின்னர்ச் செம்பூரும் தமிழர் செறிந்த பகுதியாயிற்று. மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளையும் நடத்தி வருகிறது. எனினும் தெருவில் வழங்குவது மராத்தியும் இந்தியும், அலுவலகத்தில் ஆங்கிலம். தமிழ் பெரும்பாலும் வீட்டுக்குள்ளும் கடிதத்துக்குள்ளும் அடங்கியிருந்தது. அத்தகைய மக்களுக்கு, சென்னைப் பத்திரிகையின் தயவை எதிர்பாராமல் தம் மொழியில் தாமே எழுதி வெளியிடலாம் என்ற செய்தி எத்துணை இனிப்பாக இருந்திருக்கும்! மும்பையில் வாழும் எழுத்தாளர் புதியமாதவி போன்றோர் வலைப்பூவில் தம் படைப்புகளை வெளியிட்டது இவ்வாய்ப்பினால்தான்.

ஆனால் வாய்ப்பு எளிதில் கைகூடவில்லை. 1990-களில் கணினித் தமிழ் ஒரு பாபேல் கோபுரமாக இருந்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985-லேயே 'முரசு' மென்பொருளைப் படைத்தார். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி 1995-இல் தமிழ்க் கவிதைகளை இணையத்தில் ஏற்றிக் காட்டினார். முயற்சிகள் பலவாயின, ஒவ்வொன்றும் எழுத்துகளுக்குத் தனித்தனி எண்களைக் கொடுத்தது. ஒரு பத்திரிகையின் எழுத்துருவில் 'அ' என்பதற்கு உரிய எண், மற்றொன்றில் வேறோர் எழுத்துக்கு உரியது. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், திரை முழுவதும் உரோம எழுத்தும் குறியீடுமாகக் கலந்து கிடக்கும். உலகெங்கும் சிதறியிருந்த தன்னார்வலர் மின்னஞ்சல் வழியே விவாதித்து 'தஸ்கி' என்ற பொதுக் குறியீட்டை வகுத்தனர். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு 'தாப்', 'தாம்' என்ற குறியீடுகளையும் ஒரு விசைப்பலகையையும் தரமாக ஏற்றது. ஆக, தரம் ஒன்றாகவில்லை, பலவாயிற்று.

இதற்கு முடிவான வழி 'ஒருங்குறி'. உலக மொழிகள் அனைத்திற்கும் ஒரே பட்டியலில் எண் கொடுக்கும் இத்திட்டத்தின் முதற்பதிப்பு 1991-இல் வெளிவந்தது. அதில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. உயிரும், அகரமேறிய மெய்யும், புள்ளியும், உயிர்க்குறிகளும் அதில் தனித்தனியே உள. 'கொ' என்று எழுத வேண்டுமாயின், கணினி 'க' என்பதையும் ஒகரக் குறியையும் வரிசையாக நினைவில் வைக்கிறது. அக்குறியின் ஒரு பாதியைக் ககரத்துக்கு முன்னும் மறு பாதியைப் பின்னும் இட்டுக் காட்டுவது, திரையில் எழுத்தை வரையும் மென்பொருளின் வேலை. அந்த அறிவு பழைய கணினிகளுக்கு இல்லை. 2000-ஆம் ஆண்டு வெளியான விண்டோஸ் 2000 தமிழை இவ்வகையில் காட்ட வல்லதாக வந்தது. அதனுடன் வந்த 'லதா' என்ற தமிழ் எழுத்துரு, இரகுநாத் ஜோஷியின் மேற்பார்வையில் உருவானது. கோலாப்பூரில் பிறந்த மராத்தியரான ஜோஷி, பவாயில் வடிவமைப்புப் பேராசிரியராக இருந்து, பின் ஜூஹூ மையத்தில் பணிபுரிந்தவர், 2008-இல் மறைந்தார். தமிழ் வலைப்பூக்களின் முதற்பத்தாண்டில் விண்டோஸ் கணினிகளில் பலரும் கண்ட தமிழ் எழுத்து மும்பையில் வாழ்ந்த ஒரு மராத்தியரின் கைவண்ணம் என்பதை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

2003-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தமிழ் வலைப்பூக்கள் தோன்றத் தொடங்கின. அப்பொழுதும் ஒரு தடை இருந்தது. சொந்தக் கணினி வைத்திருந்தோர் சிலரே. பெரும்பாலோர் மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் கொடுத்து இணைய மையங்களில் அமர்ந்து படித்தனர். அங்கிருந்த கணினிகளுள் பல விண்டோஸ் 98 வகையின. அவற்றில் தமிழ் எழுத்துரு இராது. புதிதாக நிறுவ மைய உரிமையாளர் இசைவு தருவதும் அரிது. எழுதியவர் எழுதியிருக்கிறார், படிப்பவர் கட்டணமும் கொடுத்திருக்கிறார், இடையே திரையில் வெறும் கட்டங்கள்!

இத்தடையை நீக்கியவர்களுள் அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர்தம்பி முதன்மையானவர். அவர் 'தேனீ' என்னும் இயங்கு எழுத்துருவைச் செய்தார். வலைப்பூவின் வார்ப்புருவில் எழுதுபவர் சில வரிகளைச் சேர்த்துவிட்டால் போதும். படிப்பவர் பக்கத்தைத் திறந்ததும் எழுத்துரு தானாகவே இறங்கி, அப்பக்கத்துக்கு மட்டும் பயன்பட்டுவிடும். மையத்தின் கணினியில் எதையும் நிறுவ வேண்டுவதில்லை. விருந்தாளி வரும்போதே இலையையும் கொண்டுவருவது போன்ற ஏற்பாடு இது. மைக்ரோசாஃப்டின் உலாவியில் மட்டுமே இது இயங்கியது என்ற குறை இருந்ததாயினும், அக்காலத்தில் மிகப் பலர் கையாண்டது அவ்வுலாவியே. உமர்தம்பி தம் கருவிகளை இலவசமாகவே வழங்கினார். 2006 ஜூலையில் அவர் காலமானார்.

அவர் தனியாக நிற்கவில்லை. முகுந்தும் அவர் தோழர்களும் 'எ-கலப்பை' என்ற தட்டச்சுக் கருவியை வெளியிட்டனர். 'கீமேன்' என்ற பொதுவான விசைப்பலகைப் பொறியின்மேல் தமிழ் விசையமைப்பை ஏற்றியது அது. உரோம எழுத்தில் 'அம்மா' என்று ஒலிப்படி தட்டினால் தமிழில் வரும். ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்த ஈழத்தமிழர் சுரதா யாழ்வாணன் 'பொங்குதமிழ்' என்ற எழுத்துரு மாற்றியைச் செய்தார். பழைய குறியீடுகளில் இருந்த கட்டுரையை ஒரு பெட்டியில் ஒட்டினால் மறு பெட்டியில் அது ஒருங்குறியாக வந்து நிற்கும். இவை யாவும் பெரிய நிறுவனங்களின் திட்டங்கள் அல்ல. மாலையில் வேலை முடிந்து வீடு திரும்பியவர், தம் தேவைக்கும் தம் நண்பர் தேவைக்கும் செய்தவை. செய்தபின் பூட்டி வைக்காமல் எல்லோருக்கும் கொடுத்தமையால்தான் அவை வரலாறாயின.

எழுதவும் படிக்கவும் வழி பிறந்தது, கண்டுபிடிப்பது எப்படி? கனடாவில் வாழ்ந்த மதி கந்தசாமி தமிழ் வலைப்பூக்களைத் தேடிப் பட்டியலிட்டார். வாரம் ஒருவர் ஆசிரியராக இருந்து பிறர் எழுத்தை அறிமுகப்படுத்தும் 'வலைப்பூ' என்ற கூட்டுப் பதிவும் நடந்தது. 2004 ஆகஸ்டில் காசி ஆறுமுகம் 'தமிழ்மணம்' என்ற திரட்டியைத் தொடங்கினார். ஒவ்வொரு வலைப்பூவும் தன் புதிய இடுகைகளின் சுருக்கத்தைக் கணினி படிக்கக்கூடிய செய்தியோடையாக வெளியிடுகிறது. திரட்டி அவ்வோடைகளை வாசித்து, எவர் என்ன எழுதினார் என்பதை ஒரே பக்கத்தில் அடுக்கிக் காட்டும். இதற்குத் துணையாகத் தமிழ்மணம் ஒரு கருவிப்பட்டையைக் கொடுத்தது. பதிவர் அதன் வரிகளைத் தம் வார்ப்புருவில் ஒட்டினால், இடுகையின் கீழேயே அதைத் திரட்டிக்கு அனுப்பவும் வாசகர் வாக்களிக்கவும் வசதி தோன்றும். தாராவியில் இருப்பவர் எழுதியதை டொராண்டோவில் இருப்பவர் அன்றே கண்டு மறுமொழி இடலாயினர்.

இங்கே, வலைப்பூவுக்குச் சிறு கருவி சேர்க்கும் முறை எவ்வாறு வளர்ந்தது என்பதையும் அறிய வேண்டும். 'பி2' என்ற வலைப்பதிவு மென்பொருளை ஆக்கியவர் அதைத் தொடராமல் விட்டபோது, மாட் முல்லன்வெக் என்ற இளைஞர் 2003 ஜனவரியில் அதைத் தாம் தொடர எண்ணுவதாகத் தம் வலைப்பூவில் எழுதினார். இங்கிலாந்தின் மைக் லிட்டில் என்பவர் அதற்கு மறுமொழியாகத் தாமும் உதவ விரும்புவதாகத் தெரிவித்தார். அவ்வாண்டு மே 27-இல் 'வேர்ட்பிரஸ்' வெளிவந்தது. ஒரு மறுமொழியில் முளைத்த மென்பொருள் அது. யாரும் எடுத்துத் திருத்திப் பிறர்க்கு வழங்கலாம் என்ற பொது உரிமத்தின்கீழ் 'பி2' இருந்தமையால்தான், கைவிடப்பட்ட பணியை இவர்கள் தொடர முடிந்தது.

2004 மே மாதம் வந்த அதன் 1.2 பதிப்பில் செருகுநிரல் அமைப்பு சேர்க்கப்பட்டது. அதற்கு முன் ஒருவர் தம் வலைப்பூவில் ஒரு மாறுதல் வேண்டுமாயின் மூல நிரலையே வெட்டி ஒட்ட வேண்டும். அடுத்த பதிப்பு வந்ததும் அம்மாறுதல் அழிந்துவிடும். நம் பழைய வீடுகளில் உத்திரத்தில் கொக்கிகளை முன்கூட்டியே பதித்திருப்பர். குழந்தை பிறந்தால் தொட்டில் கட்டலாம். வளர்ந்தால் ஊஞ்சல் போடலாம். சுவரை இடிக்க வேண்டுவதில்லை. செருகுநிரல் அமைப்பும் அத்தகையதே. இடுகை திரைக்குப் போகும் முன், மறுமொழி வந்து சேர்ந்ததும் என்று குறித்த இடங்களில் மென்பொருள் கொக்கிகளை வைத்திருக்கும். நாம் எழுதிய சிறு நிரலை அக்கொக்கியில் மாட்டிவிடலாம்; வேண்டாதபோது கழற்றிவிடலாம்.

தமிழில் எழுதுவோர்க்கு இத்தகைய சிறு நிரல்களின் தேவை மிகுதி. ஏனெனில் பொதுக் கருவிகளைச் செய்தவர் பெரும்பாலும் ஆங்கிலத்தையே மனத்தில் கொண்டு செய்தனர். ஓர் எடுத்துக்காட்டு காண்போம். 'தமிழ்' என்ற சொல்லில் நமக்கு மூன்று எழுத்துகள். கணினிக்கோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். 'யூடிஎஃப்-8' என்ற முறையில் சேமிக்கும்போது ஒவ்வொன்றும் 3 பைட்டு. ஆக 15 பைட்டு. இடுகையின் முதற்பகுதியை மட்டும் முகப்பில் காட்டும் ஒரு நிரல், ஆங்கிலப் பழக்கத்தால் நான்காம் குறியீட்டோடு வெட்டினால், 'தமிழ' என்று புள்ளியிழந்து நிற்கும். பைட்டுக் கணக்கில் வெட்டினாலோ எழுத்தே உடைந்து குப்பையாகிவிடும். ஆகவே உயிர்மெய்யை ஓரெழுத்தாக எண்ணவும், அகர வரிசைப்படி அடுக்கவும் தமிழ் தெரிந்தவர் எழுதிய நிரல் வேண்டியதாயிற்று. மறுமொழிப் பெட்டியிலேயே தமிழில் தட்டச்சு செய்யும் வசதியும் இவ்வாறு தேவையால் பிறந்ததே. இலக்கணத்தில் நாம் படிக்கும் மாத்திரையும் எழுத்தெண்ணிக்கையும் கணினி நிரலிலும் வந்து நிற்பது வியப்புக்குரியது.

நிற்க. இவ்வளவு ஆர்வத்தோடு எழுதப்பெற்றவை இன்று எங்கே? இவ்வினாவுக்கு விடை மகிழ்ச்சி தருவதாக இல்லை. பிளாகர் சேவையில் தொடக்கத்தில் மறுமொழி வசதி இல்லாததால் பலர் 'ஹாலோஸ்கேன்' என்ற வெளிச் சேவையை இணைத்துக்கொண்டனர். அது 2010-ஆம் ஆண்டளவில் நின்றபோது, வேறிடம் மாற்றாதவர்களின் பக்கங்களில் உரையாடல்கள் மறைந்தன. இடுகை மட்டும் தனித்து நின்றது. இலவச இணையப் பக்கங்கள் இருந்த 'ஜியோசிட்டீஸ்' 2009 அக்டோபரில் மூடப்பட்டது. 'கூகுள் ரீடர்' என்ற ஓடை படிப்பான் 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது. வலைப்பூவுக்கு முன்னரே தமிழர் கூடிப் பேசிய 'மரத்தடி', 'ராயர் காப்பி கிளப்' முதலிய குழுமங்களுக்கு இடம் தந்த யாஹூ குழுமங்களின் பழைய மடல்கள் 2019 டிசம்பரில் நீக்கப்பட்டன. மறு ஆண்டு அச்சேவையே முடிவுற்றது. இதற்கிடையில் எழுதியோரும் படித்தோரும் முகநூல் முதலிய இடங்களுக்குச் சென்றுவிட்டனர். அங்கே எழுதுவது எளிது. வார்ப்புரு திருத்த வேண்டா, செருகுநிரல் தேட வேண்டா. ஆனால் சென்ற ஆண்டு எழுதியதை இவ்வாண்டு தேடிக் காண்பது அங்கே கடினம். அவ்விடத்தின் விதிகளை வகுப்பவரும் நாமல்லேம்.

மறுபுறம், நிலைத்தவற்றையும் நோக்குவோம். 1998 பொங்கல் நாளில் கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்திலிருந்து தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கியது. முதலில் தஸ்கியில் இருந்தவை பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன; யாரும் படியெடுத்துக் கொள்ளலாம் என்ற நிலையில் பல கைகளில் பரவின. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் பொது உரிமத்தின்கீழ் வளர்ந்தது. 2013-இல் தோன்றிய 'ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்' திட்டத்தின் தன்னார்வலர், வலைப்பூக்களில் கிடந்த நல்ல தொடர்களை எழுதியவர் இசைவோடு திரட்டி மின்னூல்களாக்கினர். அதே ஆண்டுகளில் தமிழ் எழுத்தை எண்ணவும் மாற்றவும் வரிசைப்படுத்தவும் உதவும் நிரல்கள் 'ஓப்பன் தமிழ்' என்ற பெயரில் திறந்த மூலமாகத் தொகுக்கப்பட்டன.

இவ்விரு வகையையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை புலனாகும். ஒரே நிறுவனத்தின் கூரையின்கீழ் மட்டும் இருந்தவை, அந்நிறுவனத்தோடு போயின. பொதுத் தரத்தில் எழுதப்பட்டு, படியெடுக்க உரிமை தரப்பட்டு, பலர் கையில் இருந்தவை தப்பின. ஓலைச்சுவடிக் காலத்திலும் இதுவே நடந்தது. ஒரே வீட்டின் பரணில் இருந்த சுவடியைச் செல் அரித்தது. பலர் படியெடுத்த நூல் பிழைத்தது. சாதனம் மாறியதே ஒழிய, நியதி மாறவில்லை.

மும்பையில் 1988-இல் எழுத்தாளர் அம்பையும் பிறரும் தொடங்கிய 'ஸ்பாரோ' என்ற ஆவணக்காப்பகம், பெண்களின் வாய்மொழி வரலாறுகளையும் நிழற்படங்களையும் சேர்த்துக் காத்து வருகிறது. சாதாரண வாழ்வின் பேச்சும் வரலாற்றுக்குச் சான்றாகும் என்பதே அத்தகைய பணியின் அடிப்படை. தாராவியின் ஒரு சந்தைப்பற்றி, செம்பூரின் ஒரு பள்ளியைப்பற்றி, மாதுங்காவில் ஒரு குடும்பம் கழித்த மூன்று தலைமுறைகளைப்பற்றி வலைப்பூவில் எழுதியவர்கள், தாம் சரித்திரம் எழுதுவதாக நினைத்திரார். ஆயினும் நூறாண்டு கழித்து இந்நகரத் தமிழரின் வாழ்வை ஆராய்பவர் தேடப்போவது அத்தகைய எழுத்துகளையே. அவை கிடைக்குமா என்பது இன்று நாம் செய்வதைப் பொறுத்தது.

ஆகவே, வலைப்பூ வைத்திருந்தோரும் வைத்திருப்போரும் சில எளிய காரியங்களைச் செய்யலாம். பிளாகரும் வேர்ட்பிரஸும் இடுகைகள் அனைத்தையும் ஒரே கோப்பாக இறக்கித் தரும் வசதியைத் தந்துள்ளன. அக்கோப்பை இறக்கி வீட்டில் ஒரு படியும் நண்பரிடம் ஒரு படியும் வைக்கலாம். பழைய குறியீட்டில் இருப்பதை ஒருங்குறிக்கு மாற்றலாம். பிறர் பயன்படுத்தலாமா, எந்த நிபந்தனையோடு என்பதைப் பக்கத்திலேயே ஒரு வரியில் எழுதி வைக்கலாம். சிறு நிரல் எழுதியோர் அதன் மூலத்தை, விளக்கக் குறிப்புடன், வெளியிடலாம். தாம் விட்ட இடத்திலிருந்து மற்றொருவர் தொடர அது வழி செய்யும். உமர்தம்பியின் இயங்கு எழுத்துரு இன்று தேவைப்படுவதில்லை. புதிய கணினிகளும் கைப்பேசிகளும் தமிழைத் தாமே காட்டுகின்றன. ஆனால் படிக்க இயலாமல் ஓர் இணைய மையத்தில் எவரோ ஒருவர் தவிப்பாரே என்று அவர் கவலைப்பட்டார் அல்லவா? அக்கவலை இன்றும் தேவைப்படுகிறது. இனி வரும் வாசகருக்காக நாமும் சிறிது கவலைப்படுவது, நாம் எழுதிய தமிழுக்குச் செய்யும் கடமையாகும்.